தலைக்குப் பின்னால் மாட்டும் என்-95 மாஸ்க்: எட்டு மாத பஸ் அனுபவம்

மேலூரிலிருந்து மதுரை மாட்டுத்தாவணிக்குத் தினமும் பஸ். காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் கூட்டத்தைப் பொறுத்து ஒரு மணி நேரம். எட்டு மாதமாக இந்த மாஸ்க்கை அங்கேதான் சோதித்திருக்கிறேன்.

"கொரோனாதான் போயிருச்சே, இன்னும் எதுக்குக்கா?" என்று கண்டக்டர் தம்பி கேட்டார். எனக்கு 2021 மே, 2022 ஜனவரி, 2023 டிசம்பர் என்று மூன்று தடவை வந்தது. மூன்றாவதில் காய்ச்சல் இரண்டே நாள். லீவுகூடப் போடாமல் இருமிக்கொண்டே ஆபீஸ் போனேன் (அந்தப் பாவமும் என் கணக்கில் இருக்கிறது). வினை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. குனிந்து கோலம் போட்டு நிமிர்ந்தால் கண் இருட்டும். மாடிப்படி பாதியில் நெஞ்சு படபடக்கும். டாக்டர் படுக்க வைத்து நாடி பார்த்தார், 76. எழுப்பிப் பத்து நிமிஷம் நிற்க வைத்தார், 118. சும்மா நின்றதற்கு! முப்பதுக்கு மேல் கூடினாலே கவனிக்கணும் என்றவர், தண்ணீரும் உப்பும் கூடச் சேர்க்கச் சொல்லி, "இன்னொரு தடவை வராமப் பாத்துக்கங்கம்மா" என்று அனுப்பினார்.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவப் பதிவுகளை வைத்து ஜியாத் அல்-அலி குழுவினர் செய்த ஆய்வு 2022 நவம்பரில் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. மகன்தான் காட்டினான். ஒரே தடவை வந்தவர்களைவிட மறுபடி வந்தவர்களுக்குச் சாவு அபாயம் இரண்டு மடங்கு, ஆஸ்பத்திரியில் சேரும் அபாயம் மூன்று மடங்கு. இதயம், நுரையீரல், சிறுநீரகம், சர்க்கரை என்று மற்றவையும் கூடுதலாம். அதில் பெரும்பாலோர் வயசான ஆண்கள், எனக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் "வந்து வந்து உடம்பு பழகிரும்" என்ற பேச்சை அதற்கப்புறம் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சரி, மாஸ்க்குக்கு வருகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். நான் வாங்கியதில் ஐ.எஸ். 9473, எஃப்.எஃப்.பி 2 என்று அச்சடித்திருந்தது (முதலாவது இந்தியத் தர எண், இரண்டாவது என்-95க்குச் சமமான வகை). இரண்டு பட்டை, ஒன்று உச்சந்தலைக்கு, ஒன்று பிடரிக்கு. முதலில் காதில் மாட்டும் வகையைத்தான் மெடிக்கலில் எடுத்துக் கொடுத்தார்கள். மூச்சை வேகமாக விட்டால் கன்னத்தோரம் காற்று தப்பித்தது, மூக்குக் கண்ணாடியும் பனித்தது. இதில் மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அமுக்கிவிட்டு மூச்சை உள்ளிழுத்தால் துணி லேசாக முகத்தோடு ஒட்டும். கண்ணாடி பனிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தாடி, அவருக்கு எப்படி மாட்டினாலும் ஓரத்தில் இடைவெளி. நடுவில் வால்வு வைத்ததும் விற்கிறார்கள், அது நாம் விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே அனுப்பும். நமக்கு இருமல் என்றால் அதை மாட்டி அடுத்தவருக்குப் பெரிய பிரயோஜனமில்லை.

துவைக்கக் கூடாது. என் மாமியார் கைக்குட்டைகளோடு சேர்த்து சோப்புப் பவுடரில் ஊறப்போட்டுவிட்டார், "அழுக்கா இருந்துச்சும்மா" என்று. நடுவில் உள்ள இழைகளில் மின்னேற்றம் இருக்கிறது, நுண்துகள்களை இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். சோப்பிலும் ஸ்பிரிட்டிலும் அது போய்விடும், பார்வைக்குப் புதுசு மாதிரியே இருக்கும். இப்போது நாலு காகிதப் பையில் நாலு மாஸ்க், நாளுக்கு ஒன்றாக மாற்றிப் போடுகிறேன். பட்டை தொளதொளத்தால் குப்பைக்கு.

ஐப்பசியில் நாத்தனார் மகள் கல்யாணம். ஏ.சி. மண்டபம், ஜன்னலெல்லாம் சாத்தல். "போட்டோவுல மூஞ்சி தெரிய வேணாமா அண்ணி?" என்றாள். போட்டோவுக்கு மட்டும் வெளி வாசலில் கழற்றினேன், பந்திக்குக் கடைசி வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். அடுத்த வாரம் குடும்ப வாட்ஸ்அப்பில் ஏழு பேருக்குக் காய்ச்சல், இருமல். "சீசன் அப்படி" என்று எழுதி ஒரு கும்பிடு பொம்மை. ஒருத்தர்கூட டெஸ்ட் எடுக்கவில்லை. மாஸ்க் இல்லையென்றால் 500 ரூபாய் அபராதம் கட்டிய ஊர் இது!

எனக்கு அந்தத் தடவை வரவில்லை. மாஸ்க்கா, கடைசி வரிசையா, அதிர்ஷ்டமா, சத்தியம் பண்ண மாட்டேன்.

ஐந்துக்கு நாலு ஸ்டார். சித்திரை வெயிலில் உள்ளே வேர்த்து ஊற்றும். பிடரிப் பட்டை கொண்டையில் சிக்கி, கழற்றும்போது நாலு முடியையும் பிடுங்கிக்கொண்டு வரும். மல்லிகைப்பூ வைத்தால் மாட்டுத்தாவணி வருவதற்குள் பூ நசுங்கிவிடும். அந்த ஒரு ஸ்டார் அதற்குத்தான்.