அட்லஸ் பொம்மை, 18 யூரோ: கழுத்து கொஞ்சம் பலவீனம்

இத்தாலியில் நேப்பிள்ஸ் போய் வந்து எட்டு மாதம் ஆகிறது. அங்கே வாங்கிய பொம்மையைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். அதன் கழுத்து ஒருமுறை உடைந்து, ஒட்டி, மறுபடி உடைந்த பிறகுதான் கை வந்திருக்கிறது.

பொருள் இதுதான்: கிரேக்கப் புராணத்தில் வரும் அட்லஸ், ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டர் பொம்மையாக. ஒரு முழங்காலை மடித்துக் குந்தியிருக்கும் தாடிக்காரர், குனிந்த தலை, பிடரியில் ஓர் உருண்டை. அருங்காட்சியகத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத கடை. எவ்வளவு பேரம் பேசியும் 18 யூரோவிலிருந்து கடைக்காரர் இறங்கவில்லை.

இது எதைப் பார்த்துச் செய்தது என்பதைச் சொன்னால்தான் குறை புரியும். மூலச் சிலை நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெட்ரோவில் ‘மூசேயோ’ நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே வாசல், செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஃபர்னேசே என்ற இத்தாலியப் பிரபுக் குடும்பத்தின் சேகரிப்பிலிருந்து வந்ததால் ‘ஃபர்னேசே அட்லஸ்’ என்பார்கள். கிரேக்க மூலத்தைப் பார்த்து ரோமானியர்கள் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் செதுக்கிய பளிங்கு, இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். நான் பார்த்தபோது மாடியில் சூரியக் கடிகார மண்டபத்தில் நின்றது. அந்த மண்டபத்தின் தரையில் பித்தளைக் கோடு பதித்து, ராசிகளின் படம் போட்டிருக்கிறார்கள். நண்பகலில் மேலே ஒரு துளை வழியாக வெயில் வந்து அந்தக் கோட்டில் விழ வேண்டும். நான் போனது பிப்ரவரி. மேகம். ஒரு மணி நேரம் காத்திருந்து கால் வலித்ததுதான் மிச்சம்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். உருண்டையில் நாடுகள் இல்லை. ஆடு, காளை, நண்டு, ஒரு பாதிக் கப்பல். அதாவது நம் மேஷம், ரிஷபம், கடகம். தனித்தனி நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை, உருவங்கள் மட்டும். அவையும் வானத்துக்கு வெளியே நின்று பார்த்தால் எப்படியோ அப்படி, இடம் வலம் மாறி. உச்சியில் ஓட்டை விழுந்து, சப்தரிஷி மண்டலம் இருக்க வேண்டிய இடம் காணாமல் போயிருக்கிறது. அட்லஸ் சுமப்பது பூமியை அல்ல, வானத்தை. டைட்டன்கள் என்ற பழைய கடவுளர் கூட்டம் போரில் தோற்றதும், அதில் ஒருவரான அவருக்கு தேவர்களின் தலைவர் ஜீயஸ் கொடுத்த தண்டனை அது.

இப்போது என் பொம்மைக்கு வருகிறேன். அதன் உருண்டையில் ஆப்பிரிக்கா பச்சையில், கடல் நீலத்தில். இந்தியா பிடரிப் பக்கம் அமுங்கிக் கிடக்கிறது, இலங்கை இல்லவே இல்லை!

கடைக்காரரை மட்டும் குறை சொல்வானேன்? பள்ளிக்கூடத்தில் வரைபடப் புத்தகத்துக்கே அட்லஸ் என்று பெயர் கேட்டு வளர்ந்தால் யாருக்கும் பூமிதான் ஞாபகம் வரும். அந்தப் பெயரை வைத்த வரைபடக்காரர் மெர்கேட்டருக்கோ சுமையே மனதில் இல்லை. 1595இல், அவர் இறந்த மறுவருடம், வெளிவந்த அந்த நூலில் அவர் பெருமைப்படுத்தியது வட ஆப்பிரிக்க மௌரித்தானியாவை ஆண்டதாகச் சொல்லப்படும் அட்லஸ் என்ற அறிஞர் ராஜாவை. மொராக்கோ பக்கத்து மலைத்தொடருக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் இதே பெயர்தான். 1962இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென்னைச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோன ராக்கெட்டும் அட்லஸ். அப்பா இரண்டு மூட்டை அரிசியைப் பின்னால் கட்டி மிதித்த சைக்கிளும் அட்லஸ். 1951இல் சோனிபட்டில் தொடங்கிய கம்பெனியுடையது. இதே தென் இத்தாலியில் பிறந்த ஆஞ்செலோ சிசிலியானோ அமெரிக்கா போய் உடம்பை முறுக்கேற்றி சார்லஸ் அட்லஸ் ஆனார்.

ஆனால் பெயர் சரியாகப் பொருந்தியது என் தொழிலில்தான் என்பேன். நான் பிசியோதெரபிஸ்ட். கழுத்தெலும்பில் முதலாவது, சி1, அதற்குப் பெயர் அட்லஸ். மற்ற முள்ளெலும்புகளைப் போலக் கட்டியான உடல் அதற்குக் கிடையாது, வெறும் வளையம். அதன்மேல் நாலைந்து கிலோ மண்டை உட்கார்ந்திருக்கிறது. ‘ஆமாம்’ என்று தலையசைப்பது பெரும்பாலும் மண்டைக்கும் அட்லஸுக்கும் நடுவில் உள்ள மூட்டில். ‘இல்லை’ என்று திருப்புவது அதற்கும் இரண்டாம் எலும்புக்கும் நடுவில். நாம் ஒரு மாதிரி ஆட்டுகிறோமே, அதற்கு மொத்தக் கழுத்தும் வேலை செய்யும்.

இதை விளக்கத்தான் பொம்மையை கிளினிக் மேசையில் வைத்தேன். முழங்கால் வலிக்கு வரும் ஒரு பாட்டி உற்றுப் பார்த்துவிட்டு, “ஏன் டாக்டரம்மா, ஆதிசேஷன் வேலைய இந்த ஆளு பாக்குறாரா?” என்றார். “இல்ல பாட்டி, இவருக்கு வானம், அவருக்குப் பூமி” என்றேன். “அப்ப தப்பா செஞ்சிருக்கான்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இதைச் சொல்ல எனக்கு அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் ஆனது.

தரம்? உருண்டை ஒட்டியிருப்பது பிடரியில் ஒரு காசு அளவு இடத்தில் மட்டும். பெட்டியில் துணி சுற்றித்தான் கொண்டுவந்தேன், வீட்டில் திறந்தபோது உருண்டை தனி. ஃபெவிக்விக் மூன்று மாதம் தாங்கியது. அப்புறம் யாரோ ஃபைலை இழுக்கும்போது கீழே விழுந்து, இந்த முறை தலையும் சேர்ந்து போனது. சரியாக சி1 இருக்கும் இடத்தில் முறிவு. விரல் வேலை மட்டும் பிரமாதம், ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிகிறது.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். நேப்பிள்ஸ் போனால் 18 யூரோவுக்கு ஒரு பீட்சாவும் இரண்டு காபியும் சாப்பிட்டுவிட்டு, மூலச் சிலையைப் பின்பக்கமாகவும் சுற்றிப் பாருங்கள். என் உருண்டை இப்போது கரண்ட் பில் பறக்காமல் மேலே உட்கார்ந்திருக்கிறது. மறுபடி ஒட்டுவதாக இல்லை.