எச்சில் கொடுத்துச் சின்னையாவைத் தேடினோம்: டிஎன்ஏ கிட் பற்றி ஒரு யாழ்ப்பாணத்து மதிப்பீடு

வம்சத்தைக் கண்டுபிடித்துத் தரும் என்று விற்கிறார்களே, அந்த டிஎன்ஏ கிட்டுக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அதிலும் பாதிப் புள்ளி பெரியம்மாவுக்குப் போகவேண்டியது. கம்பனியின் பெயர் வேண்டாம், பெரிய கம்பனிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாமானைத்தான் விற்கின்றன. வழக்கமான விலை நூறு டொலருக்குக் கிட்ட வரும், ஏப்ரல் 25 டிஎன்ஏ தினத்தை ஒட்டியும் நவம்பர் கடைசியிலும் தள்ளுபடி போடுவார்கள். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகள் எங்களுக்கு இரண்டு கொண்டுவந்தாள், திரும்பும்போது நிரப்பிய குழாய்களைக் கொண்டுபோய் அங்கேயே தபாலில் போட்டாள்.

முதல் குறை அந்தக் குழாய்தான். அரை மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்து, நுரையைக் கணக்கில் எடுக்காமல் கோடு வரைக்கும் எச்சில் நிரப்பவேண்டும். எண்பது தாண்டியவர்களுக்கு வாயில் ஈரமே இருக்காது. பெரியம்மா வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு, விறாந்தைக் கதிரையில் குழாயும் கையுமாக இருந்தார். "உந்தத் துப்பலை வைச்சோ மோனை சின்னையாவைக் கண்டுபிடிக்கப் போறாய்?" என்று இடையிடையே கேள்வி வேறு. கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்புகிற கம்பனிகளும் உண்டு, மைஹெரிடேஜ் அப்படித்தான். வயது போனவர்களுக்கு அந்த வகையை வாங்குங்கள்.

சின்னையா என்றது என் அம்மப்பாவின் தம்பியை. இங்கிருந்து எத்தனையோ பேர் போனதுபோல மலாயா றெயில்வேயில் கிளாக்கர் வேலைக்குப் போனவர், யப்பான்காரன் வந்த பிறகு கடிதம் நின்றுவிட்டது.

பரிசோதனை முடிவில் முதலில் வருவது ஒரு வண்ண வரைபடம். தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே நிறம், அவ்வளவுதான். இதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, கண்ணாடியைப் பார்த்தாலே தெரியும். கம்பனி தன்னிடம் இருக்கிற ஒப்பீட்டு மாதிரிகளோடு ஒத்துப்பார்த்துத்தான் இந்த வீதங்களைப் போடுகிறது. மாதிரிகள் கம்பனிக்குக் கம்பனி வேறு என்பதால் வீதமும் வேறு, அவர்கள் மாதிரிகளைப் புதுப்பித்தால் நீங்கள் இருந்த இடத்தில் இருக்கவே உங்கள் பூர்வீகம் மாறிவிடும். சோழ ரத்தம் எத்தனை வீதம், ஆரியச்சக்கரவர்த்தி வழியா, இன்ன சாதியா என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்தக் காசுக்கு நல்ல ஒடியல் கூழ் காய்ச்சிக் குடிக்கலாம்.

கொடுத்த காசுக்குப் பெறுமதி உறவுப் பட்டியலில்தான் இருக்கிறது. உங்களோடு யார் எத்தனை சென்டிமோர்கன் (டிஎன்ஏத் துண்டுகளை அளக்கிற அலகு) பொதுவாக வைத்திருக்கிறார் என்று காட்டும். பெற்றாருக்கும் பிள்ளைக்கும் 3400 அளவில், ஒன்றுவிட்ட சகோதரங்களுக்குச் சராசரியாக 850 அளவில், அந்தச் சகோதரங்களின் பிள்ளைகளுக்கிடையில் 230 அளவில். இது வெளியில் கலியாணம் செய்கிற சனத்துக்குப் போட்ட கணக்கு. நாங்கள் மச்சானும் மச்சாளும் கட்டி, ஊருக்குள்ளேயே கொடுத்து எடுத்து வந்த ஆட்கள், ஒருவரே மூன்று வழியில் சொந்தமாக இருப்பார், சின்னச் சின்னத் துண்டுகள் சேர்ந்து மொத்தம் ஊதிவிடும், கிட்டின சொந்தம் என்று தளம் சொல்கிற ஆள் உண்மையில் எங்கேயோ ஐந்தாறு தலைமுறைக்கு அப்பால் நிற்பார். ஆகவே மொத்தத்தை விட மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். தரவைத் தரவிறக்கி ஜெட்மேட்ச் என்ற ஒப்பீட்டு இணையத்தளத்தில் ஏற்றினால் அதை இலவசமாகப் பார்க்கலாம், தாய் தகப்பன் தங்களுக்குள் சொந்தமா என்று சொல்கிற கருவியும் அங்கே உண்டு. யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்விக்குக் கருவி எதற்கு என்பது வேறு கதை.

பெயர்களும் உதவாது. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்தில் தகப்பன், அதோடு சரி. இங்கிலீசுப் பெயரைக் கண்டு வெள்ளைக்காரப் பூட்டன் என்று துள்ளவும் வேண்டாம். 1816இல் வந்த அமெரிக்க மிசன், பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்களுக்குக் காசு அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரை வைத்தது, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையும் வைமன் கதிரைவேற்பிள்ளையும் அப்படி வந்த பெயர்கள்தான்.

அப்படியென்றால் பட்டியலில் இருப்பவர் யார் என்று எதை வைத்துப் பிடிப்பது? வீட்டில் இருக்கிற உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை வைத்துத்தான். முக்கியமாகச் சீதன உறுதி. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டத்திலேயே தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்குப் போவதுதான் முறை, ஆகவே ஒரு வளவின் உறுதிகளைப் பின்னோக்கி அடுக்கினால் அம்மா, அம்மம்மா, அவவின் தாய் என்று பெண்வழி வரிசையாக வரும். தாயிடமிருந்து மட்டும் இறங்குகிற மைட்டோகொண்ட்ரியா டிஎன்ஏயும் இதே வழியில்தான் போகிறது, ஆனால் அதில் பெயர் இல்லை, உறுதியில் இருக்கிறது. எல்லை எழுதியிருக்கிற பகுதியைக் கவனமாக வாசியுங்கள். கிழக்கெல்லை இன்னார் மனைவி இன்னார், வடக்கு ஒழுங்கை என்று போகும், காணி பிரித்த காலத்தில் அந்தப் பக்கத்து எல்லைக்காரர் பெரும்பாலும் கூடப்பிறந்தவர்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம், அதை எழுதிய நொத்தாரிசின் பெயராவது தெரிந்தால் நல்லது.

அடுத்தது கல்வெட்டு. ஒருவர் செத்து 31ஆம் நாள் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம், திதி வெண்பாவும் தேவாரமும் வாசித்துவிட்டு அலுமாரிக்கு மேல் போட்டுவிடுகிறோம். வம்சாவளி, மருமக்கள், கொண்டான் கொடுத்தான் எல்லாம் அச்சில் இருக்கும். நூலகம் இணையத்தளத்தில் இப்படி நிறைய நினைவு மலர்கள் இலவசமாகக் கிடக்கின்றன, கிட் வாங்க முன்னர் ஒரு இரவு அதில் தேடிப்பாருங்கள்.

எங்கள் உறவுப் பட்டியலில் மலேசியாவின் சிரம்பானில் இருக்கிற ஒரு பெண் வந்தாள். என்னோடு 190 சென்டிமோர்கன் அளவில், பெரியம்மாவோடு 410க்கு மேல். ஒரு தலைமுறை முந்தியவரின் எச்சில் இல்லையென்றால் பட்டியலில் ஒருத்தியாகக் கடந்துபோயிருப்பேன். அவளுக்குத் தாத்தா யாழ்ப்பாணம் என்பது தவிர ஊர் ஒன்றும் தெரியாது. அம்மப்பாவின் கல்வெட்டு எங்கள் வீட்டில் 1995 இடப்பெயர்வோடு போய்விட்டது, காரைநகரில் ஒரு சொந்தக்காரரின் றங்குப்பெட்டியில் ஒரு பிரதி, அட்டை கறையான் தின்றது. அதில் சகோதரங்கள் என்ற வரியில் சின்னையாவின் பெயர், பக்கத்தில் மலாயா, பிறகு மனைவியின் பெயர். அவள் தன் தகப்பனின் பிறப்புச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பினாள், இரண்டு பெயரும் சரி. போனில் பெரியம்மா முதலில் கேட்டது, "உங்களுக்கு எந்தக் கோயிலடி பிள்ளை?"

அரச பதிவுகளில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு இறப்புப் பதிவு 1860களின் இறுதியில்தான் தொடங்குகிறது, சரியான திகதி இல்லாமல் தேடுவது பெரிய வேலை. ஒல்லாந்தர் காலத் தோம்புகள், அதாவது காணிப் பதிவேடுகள், கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில், அதுவும் ஒல்லாந்த மொழியில்.

அந்தரங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. 2023இல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ கம்பனியில் ஏறத்தாழ 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தவர்கள், உறவுப் பட்டியல் வழியாக 69 லட்சம் பேரின் விபரங்களை எடுத்தார்கள். உங்கள் கடவுச்சொல் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை, மச்சானுடையதும் நல்லதாக இருக்கவேண்டும். 2025 மார்ச்சில் அந்தக் கம்பனி வங்குரோத்துக்கும் மனுப்போட்டது. முடிவு வந்ததும் தரவை இறக்கி வைத்துக்கொண்டு மாதிரியை அழிக்கச் சொல்லிவிடுங்கள்.

அப்பா பக்கத்துக்கும் ஒரு கிட் கொண்டுவரட்டா மாமா என்று மருமகள் கேட்டாள். அந்தப் பக்கத்தில் வயதானவர்கள் ஒருவரும் இல்லை, உறுதிகளும் எரிந்துபோய்விட்டன. வேண்டாம், வரும்போது நல்ல ஸ்கானர் ஒன்று கொண்டுவா என்று சொல்லியிருக்கிறேன், காரைநகர்க்காரரின் பெட்டியில் இன்னும் கல்வெட்டுகள் கிடக்கின்றன.