டயல் கேஜா, டிகிரி தட்டா, ஸ்ட்ரோப் விளக்கா?

"மாமா, அந்தக் கடிகாரத்தை வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு?"

கேட்டது அக்கா மகன். இடம் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு கராஜ். அவன் கடிகாரம் என்றது, பிஸ்டன் நகர்வதை முள்ளால் காட்டும் என் டயல் கேஜை. அவன் கையில் புது ஸ்ட்ரோப் விளக்கு, பொறி அடிக்கும்போதெல்லாம் மின்னி, சுற்றும் கோட்டை நிற்பது போலக் காட்டும். பொறி அடிக்கும் நேரத்தைச் சரிபார்க்கத்தான் இரண்டும். நடுவில் ஸ்டாண்டில் என் 100 சிசி டூ-ஸ்ட்ரோக் கார்ட் இன்ஜின்: போர் (சிலிண்டர் விட்டம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50, ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) 100. அதற்கு நான் வைப்பது கிராங்க் சுற்றில் 20 டிகிரி அட்வான்ஸ். அதாவது பிஸ்டன் உச்சியைத் தொட இன்னும் 1.87 மில்லி இருக்கும்போதே பொறி அடிக்க வேண்டும்.

அந்த இடத்தில் ஒரு டிகிரி என்பது சுமார் 0.19 மில்லி. நூறில் ஒரு மில்லி காட்டும் டயலுக்கு இது அல்வா. பிளக்கைக் கழற்றி, அடாப்டரோடு கேஜை அந்த ஓட்டையில் இறக்கி, முள் திரும்பும் இடத்தில் (அதுதான் உச்சி) பூஜ்யம் வைக்கிறேன். பிறகு பின்னால் 3 மில்லி வரை சுற்றிவிட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே 1.87க்கு மெல்ல ஏற்றுகிறேன்; பேரிங்கில் உள்ள ஆட்டம் அளவில் சேராமல் இருக்க இந்தச் சுற்று. மேக்னெட்டில் சுற்றும் ரோட்டரின் கோடும் சுற்றாத ஸ்டேட்டர் பிளேட்டின் கோடும் சேரும்படி பிளேட்டைத் திருப்பி இறுக்குகிறேன். இறுக்கும்போதே பிளேட் ஒரு மயிரிழை நகரும், ஆகவே மறுபடி பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது.

டயலுக்கும் ஒரு கள்ளத்தனம் உண்டு. பிளக் ஓட்டை நேராக இருந்தால்தான் அதன் பேச்சு உண்மை. ஓட்டை 20 டிகிரி சாய்ந்த ஹெட்டில் டயல் 1.87 காட்டும்போது பிஸ்டன் நிற்பது 1.76இல். அரை டிகிரிக்கு மேல் போச்சு. பிஸ்டன் தலை குவிந்திருந்தால் கணக்கு இன்னும் கெடும்.

கிராங்க் முனையில் மாட்டிக் கோணம் பார்க்கும் டிகிரி தட்டைப் பற்றி அதிகம் பேச எனக்கு மனசில்லை. 20 செ.மீ. தட்டின் விளிம்பில் ஒரு டிகிரி 1.75 மில்லிதான், முள்ளாக வளைத்த கம்பியைக் கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலே பாதி டிகிரி பறந்துவிடும். போதாததற்கு, பிஸ்டன் உச்சியில் தூங்கும்: 5 டிகிரி சுற்றினாலும் 0.12 மில்லிதான் இறங்கும். அதனால் பிளக் ஓட்டையில் பிஸ்டனைத் தடுக்கும் ஸ்டாப் போட்டு, இரண்டு பக்கமும் முட்டவிட்டு, நடுவை எடுத்தால்தான் உச்சி கிடைக்கும். ராட் நீளம் தெரியாத இன்ஜினுக்கும் போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள வாயு வழி) திறக்கும் கோணம் அளக்கவும் தட்டு சரி. மற்ற நாளெல்லாம் சுவரில் தொங்கட்டும்.

இனி பையனின் விளக்கு. டயலும் தட்டும் நிற்கிற இன்ஜினை அளக்கின்றன. ஓடும்போது பொறி எப்போது அடிக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. 12,000 ஆர்பிஎம்மில் ஒரு டிகிரி என்பது நொடியில் பத்து லட்சத்தில் 14 பங்கு. பொறியை மூட்டும் சிடிஐ மின்பெட்டி அவ்வளவு தாமதித்தாலே ஒரு டிகிரி போயிற்று. இந்த முறை நான் மாட்டியது புதுப் பெட்டி, எந்த வேகத்திலும் ஒரே அட்வான்ஸ் என்று சொல்லி விற்றது. டயலில் எல்லாம் கச்சிதம். சங்கிலியைக் கழற்றிவிட்டு அவன் விளக்கை அடித்தான். 4,000இல் கோடுகள் சேர்ந்தே நின்றன. 9,000இல் ரோட்டர் கோடு நகர்ந்து, பொறி 16 டிகிரியில் அடிப்பதைக் காட்டியது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மேல் வேகத்தில் ரிடார்ட் ஆவது எப்போதும் கெடுதல் இல்லை. பொறி தாமதித்தால் சூடு சைலன்சர் பக்கம் போகும். பைப்பில் ஒலி அலை வேகம் பிடிக்கும். இன்ஜின் இன்னும் மேலே சுற்றும். வேண்டுமென்றே அப்படிச் செய்த பெட்டிகளும் உண்டு. ஆனால் அது தெரிந்து நடக்க வேண்டும்.

விளக்கின் முதுகில் டிகிரி வைக்க உள்ள திருகுக் குமிழை மட்டும் நான் நம்புவதில்லை. ரோட்டரில் நாமே கீறிய கோட்டைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டை எதை வைத்துக் கீறினோம்? டயலை வைத்துத்தான்! அதைச் சொன்னதும் பையன் சிரித்துவிட்டான்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டயல் வாங்குங்கள், விளக்கை இரவல் கேளுங்கள். புதுப் பெட்டியோ, பொறி அடிக்கச் சைகை தரும் பிக்கப் காயிலோ மாட்டிய அன்று மட்டும் விளக்கு இல்லாமல் ஓட்டாதீர்கள்.

மூன்று கருவியும் காப்பாற்றாத ஒரு கதை இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்று மெலிது, சிலிண்டரில் அழுத்தம் குறைவு, அதனால் கூடுதல் அட்வான்ஸ் தாங்கும். அந்தப் பக்கம் 93 ஆக்டேன், அதாவது இன்ஜின் தட்டலைத் தாங்கும் திறன் குறைந்த பெட்ரோல் விற்பதும் அதே தைரியத்தில்தான். அங்கே 2 டிகிரி கூட்டி 2.26 மில்லி வைத்தேன். ஊர் திரும்பி, குறைக்க மறந்து, கடலோரத்தின் அடர்ந்த காற்றில் ஓட்டினேன். இரண்டாம் நாள் ஹெட்டைத் திறந்தால் பிஸ்டன் ஓரம் கறையான் அரித்த மரம் மாதிரி இருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பொடிப் பொடியாக அலுமினியப் புள்ளிகள்.

இப்போது மேக்னெட் மூடியின் உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்: டர்பன் 1.87, ஜோபர்க் 2.26. டூல் பெட்டியில் டயல்தான் மேல் தட்டில். விளக்கு, பையன் வந்தால் வரும்.