ஈகையைக் காட்டும் நிகழ்ச்சிகளில் குழந்தைகளுக்கு ஏற்றது எது?

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2003 முதல் 2012 வரை ஒளிபரப்பான, துயரத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரும் ‘எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்’ நிகழ்ச்சியின் பழைய பகுதி ஒன்றை, என் ஒன்பது வயது மகளோடு அமர்ந்து பார்த்தேன். மறைத்து நின்ற பேருந்து நகர்ந்து, ஒரே வாரத்தில் எழுந்த புது வீட்டைக் கண்டு அந்தக் குடும்பம் வாய்விட்டு அழுதபோது, அவளுக்கும் கண் கலங்கியது. சற்று நேரம் கழித்து, “நம்ம வீட்டுலயும் யாருக்காவது பெரிய நோய் வந்தாதான் இப்படிக் கட்டித் தருவாங்களாம்மா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அன்றிலிருந்துதான், பிறருக்கு உதவுவதைக் காட்டும் நிகழ்ச்சிகளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

அவள் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. தங்கள் துயரத்தை விவரித்துக் காணொளி அனுப்பிய குடும்பங்களிலிருந்துதான் அந்த நிகழ்ச்சிக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். குறிப்பிட்ட சில அரிய நோய்களின் பெயரைச் சொல்லி, அவற்றால் பாதிக்கப்பட்டோர் உள்ள குடும்பங்களைத் தேடித் தரும்படி தயாரிப்புத் தரப்பு அனுப்பிய மின்னஞ்சல் 2006-ல் வெளியே வந்தது. எந்த நோய் என்பதே தேர்வுக்குரிய தகுதியாகிவிட்டதை, அந்த மின்னஞ்சலைப் பற்றி ஏதும் அறியாத ஒரு குழந்தை திரையைப் பார்த்தே கண்டுகொண்டாள். நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் இரவு பகலாக உழைத்துச் சுவர் எழுப்பும் காட்சி குழந்தைகள் பார்க்க வேண்டிய ஒன்று என்பதை நான் மறுக்கவில்லை. உதவி என்பது உடலுழைப்பும்தான் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால், பேருந்து நகர்ந்தவுடன் கதை முடிந்துவிடுகிறது. பெரிய வீட்டோடு சொத்து வரியும் மின்கட்டணமும் ஏறிய குடும்பங்கள் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு குடும்பம், அப்படிக் கிடைத்த வீட்டை ஈடாக வைத்து 4,50,000 டாலர் கடன் வாங்கி, 2008-ல் வீடு ஏலத்துக்கு வரும் நிலையைச் சந்தித்தது. கிடைத்த உதவியோடு ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்து தீர வேண்டியிருக்கிறது என்பது நிகழ்ச்சியில் வராத பகுதி.

பிரிட்டனில் 2006-ல் சேனல் 4 தொடங்கிய ‘தி சீக்ரெட் மில்லியனேர்’ வேறு வகையைச் சேர்ந்தது. செல்வந்தர் ஒருவர் தாம் யாரென்று சொல்லாமல் ஏழ்மையான பகுதியில் சில நாள் தங்கி, அங்குள்ள தொண்டு அமைப்புகளில் வேலை செய்து, கடைசியில் உண்மையைச் சொல்லிக் காசோலை தருவார். கேமரா வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஓசையின்றி உழைத்துவரும் உள்ளூர்த் தொண்டர்களை அறிமுகப்படுத்தும் வகையில் இது முதலாவதைவிட மேல் என்பேன். எனினும், நடுவில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய் நல்ல காரியத்துக்காகச் சொல்லப்பட்டதால் பாராட்டையும் பெறுகிறது. யார் தகுதியானவர் என்று முடிவுசெய்யும் இடத்தில் செல்வந்தரோடு சேர்ந்து பார்வையாளரும் அமர்கிறார். எட்டு வயதுக் குழந்தையை அந்த நாற்காலியில் உட்காரவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மூன்றாவதாக நான் எடுத்துக்கொள்வதைக் கண்டிப்பான பொருளில் ரியாலிட்டி நிகழ்ச்சி என்று சொல்ல முடியாது. பிபிசியில் 1958 முதல் வந்துகொண்டிருக்கும் ‘ப்ளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சி, 1960-களிலிருந்து ஆண்டுதோறும் ஒரு நற்பணிக்காகக் குழந்தைகளிடம் கையேந்திவந்தது. பெரும்பாலும் அது பணம் கேட்டதில்லை. பழைய அஞ்சல்தலை, பால் புட்டியின் அலுமினிய மூடி, படித்து முடித்த புத்தகம் போன்றவற்றைத்தான் கேட்டது. காசில்லாத வீட்டுப் பிள்ளையும் காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சமமாகக் கொடுக்கலாம் என்பதே அதன் உள்ளார்ந்த எண்ணம். சேர்ந்தவற்றை விற்ற பணத்தில், மூடிகளும் வெள்ளித்தாளும் பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களாயின. புத்தகங்கள் கடலில் தத்தளிப்போரை மீட்கும் படகுகளாயின. 1979-ல் கம்போடிய மக்களுக்காக நாடெங்கும் நடந்த பழம்பொருள் விற்பனைகள் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டித் தந்தன. சேர்ந்தது எவ்வளவு என்பதை வாரந்தோறும் ஒரு பலகையில் ஏற்றிக் காட்டினார்கள். அழுகையைக் கொண்டு காட்சி நடத்த வேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை. முதல் இரண்டும் குழந்தையைப் பார்வையாளராக நிறுத்த, இது கொடுப்பவராக எழுப்பி அனுப்புகிறது. இந்த ஒரு வேறுபாடே என் முடிவைத் தீர்மானித்தது.

பார்க்கும் குழந்தையைப் பற்றிப் பேசும்போது, திரைக்குள் இருக்கும் குழந்தையை மறந்துவிடுகிறோம். நிகழ்ச்சிகளில் பங்கேற்கும் 18 வயதுக்கு உட்பட்டோரின் உடல், மன நலனில் உரிய அக்கறை காட்ட வேண்டும் என்று பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதிகள் சொல்கின்றன. பெற்றோர் ஒப்புதல் தந்துவிட்டதால் மட்டும் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. நம் தமிழ்த் தொலைக்காட்சிகளின் பாட்டுப் போட்டிகளில், பாடி முடித்த சிறுமியை நிற்கவைத்து, அவள் வீட்டுக் கஷ்டத்தை இசையோடு ஓட்டிக் காட்டி, பிறகு உதவித்தொகை அறிவிப்பதை நாம் பழகிவிட்டோம். உதவி உண்மையானது, அந்தக் குடும்பத்துக்கு அது தேவையாகவும் இருக்கும். ஆனால், திங்கட்கிழமை காலையில் வகுப்பறைக்குள் நுழையும் அந்தச் சிறுமியை, அவளுடைய பாட்டைவிட அப்பாவின் கடனைத் தெரிந்துவைத்திருக்கும் நாற்பது பிள்ளைகள் பார்ப்பார்கள்.

ஆகவே, பத்து வயதுக்குள் ‘ப்ளூ பீட்டர்’ போன்றதையே தருவேன். செல்வந்தர் மாறுவேடத்தில் வரும் நிகழ்ச்சியைப் பன்னிரண்டு வயதுக்கு மேல், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்து, “சொல்லாமல் கொள்ளாமல் வந்தது சரியா?” என்று பேசிக்கொண்டே பார்க்கலாம். வீடு கட்டித் தரும் நிகழ்ச்சியை நான் தடுக்கவில்லை. தன்னார்வலர்கள் சுவர் எழுப்பும் பகுதி வரை மகளோடு பார்க்கிறேன். அவளுடைய கேள்விக்கு இரண்டு நாள் கழித்துத்தான் பதில் சொன்னேன்: “நோய் வந்தாலும் வராவிட்டாலும் எல்லாருக்கும் வீடு வேணும். டிவிக்காரங்களால ஒரு வீட்டுக்குத்தான் வர முடிஞ்சது.” அவள் யோசித்துவிட்டு, “அப்போ மத்த வீட்டுக்கு யாரும்மா போவாங்க?” என்றாள்.