வண்ணமா, மையா: ஹீரோவும் ஷேடோவும்

போன மாதம் செகண்ட்ஹேண்டில் ஒரு புரொஜெக்டர் வாங்கினேன். முதல் படமாக எதைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது மச்சான், “சீனாக்காரன் வாள்சண்டைப் படம் ஏதாவது போடுங்க, ஆனா பார்க்க அழகா இருக்கணும்” என்றார். அழகு என்று வந்துவிட்டால் என்னிடம் கடைசி வரை போட்டியில் நிற்பவை இரண்டுதான்: 2002இல் வந்த ஹீரோ, 2018இல் வந்த ஷேடோ. இரண்டுமே ஜாங் யிமோ இயக்கியவை. க்ரவுச்சிங் டைகர் படத்தின் மூங்கில் காட்டுச் சண்டையும் நினைவுக்கு வந்தது. ஆனால் வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்தாகிவிட்டது. யோசித்து யோசித்து ஷேடோவைப் போட்டேன்.

ஹீரோவின் அழகை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்டோபர் டாய்லின் கேமரா, எமி வாடாவின் உடைகள், ஜெட் லீ, டோனி லியுங், மேகி சியுங். இன்னர் மங்கோலியாவின் மஞ்சள் இலைக் காட்டில் இரண்டு பெண்கள் சிவப்பு உடையில் மோதுகிறார்கள். ஒருத்தி சாகும்போது காடே சிவந்துபோகிறது. சிச்சுவானின் ஜியூஜாய்கோ ஏரியில் இரண்டு பேர் கண்ணாடி மாதிரி கிடக்கும் தண்ணீரைக் காலால் தட்டித் தட்டிப் பறந்து சண்டை போடுகிறார்கள். அரண்மனையில் பச்சைத் திரைச்சீலைகள் கூரையிலிருந்து தரை வரை அருவியாகத் தொங்குகின்றன. எந்த இடத்தில் நிறுத்தினாலும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

எனக்குச் சிக்கலே அங்கேதான். ஹீரோவில் வண்ணம் ஒரு குறியீடு. ஜெட் லீ நடிக்கும் பெயரில்லாத வீரன் அரசனிடம் சொல்லும் கதை சிவப்பு, அரசன் ஊகித்துச் சொல்லும் கதை நீலம், உண்மை வெள்ளை, அதற்குள் வரும் பழைய நினைவு பச்சை. முதல் தடவை இது புரியும்போது கிடைக்கும் சந்தோஷம் பெரியது. அப்புறம்? ஐந்தாறு தடவை பார்த்தாகிவிட்டது. இப்போதெல்லாம் திரை சிவந்ததுமே ‘சரி, இது பொய்’ என்று மனசு முந்திக்கொள்கிறது. ஓவியத்தைப் பார்க்கிறேன், ரசிக்கிறேன், ஆனால் அதற்குள் தேட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு படத்தை முதல் தடவை யார் வேண்டுமானாலும் வாய் பிளந்து பார்ப்பார்கள். காசு போட்டு டிஸ்க்கை வாங்கி அலமாரியில் வைப்பவனுக்கு மூன்றாவது, நான்காவது தடவைதான் கணக்கு. ஷேடோ எனக்குப் பிடித்துப்போனது அந்தக் கணக்கில்தான்.

ஷேடோ கருப்பு வெள்ளைப் படம் இல்லை. வண்ணத்தில் எடுத்த படம். கணினியில் வண்ணத்தைப் பிழிந்து எடுத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அரண்மனை, உடை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் கருப்பு, வெள்ளை, சாம்பலிலேயே செய்துவைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். துணியில் மை கசிந்து பரவியது போன்ற கறைகள். அரசனின் கூடத்தில் எழுத்து நிரம்பிய மெல்லிய திரைகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. அவற்றின் ஊடே ஆட்கள் நிழலாக நடக்கிறார்கள். (எனக்குச் சீனம் படிக்கத் தெரியாது. அந்த எழுத்துகள் எனக்குக் கோடுகள்தான். தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரி இருக்கலாம்.) வெளியே எந்நேரமும் மழை. இத்தனைக்கும் நடுவில் வண்ணம் என்று மிஞ்சுவது மனிதத் தோலும் ரத்தமும்தான்.

அம்மா கால் மணி நேரம் பார்த்துவிட்டு, “என்னடா, பழைய படமா?” என்றார். பிற்பாடு வாள் பட்டு ரத்தம் தெறித்ததும், “அட, கலர்ப் படம்” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹீரோவில் காடு முழுக்கச் சிவந்தபோது எனக்கு அழகு தெரிந்தது, சாவு தெரியவில்லை. இதில் மழைத் தண்ணீரில் கொஞ்சம் சிவப்பு கலந்தாலே வலிக்கிறது.

மையில் ஐந்து நிறம் உண்டு என்பது சீன ஓவியர்களிடையே பழைய பேச்சு. ஒரே கருப்பைத் தண்ணீர் விட்டு விட்டு அத்தனை சாயலும் எடுப்பார்கள். கதைக்கும் இதுதான் அடிப்படை. பெய் நாட்டுத் தளபதி காயப்பட்டு ரகசிய அறையில் ஒளிந்திருக்கிறான். அவனைப் போலவே இருக்கும் ஒருவன் வெளியே தளபதியாக நடமாடுகிறான். இரண்டு பேருமே டெங் சாவோ. ஒருவன் திடமானவன், இன்னொருவன் எலும்பும் தோலும். தளபதியின் மனைவிக்கு விஷயம் தெரியும். யார் அசல், யார் நிழல் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத கதையைச் சாம்பலில் சொல்லாமல் வேறு எதில் சொல்வது?

குகைக்குள் தரையில் யின் யாங் வட்டம், கருப்பும் வெள்ளையும் ஒன்றுக்குள் ஒன்று வளைந்து கிடக்கும் சின்னம். அதன்மேல் பயிற்சி. எதிரியின் பருத்த நீண்ட வாளுக்கு எதிராக இவர்கள் எடுப்பது குடை. கம்பிகளுக்குப் பதில் கத்திகள் வைத்த குடை. முரட்டு வாளை நளினமாக வளைந்துதான் வெல்ல வேண்டும் என்று மனைவி செய்துகாட்ட, அந்த நிழல் மனிதன் அதே மாதிரி இடுப்பை ஒடித்துக் குடையைச் சுழற்றுகிறான். முதல் தடவை எனக்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது. மூன்றாவது தடவை அந்த இருவரின் நிழல்கள் எப்போது ஒன்றாகின்றன என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு வீரர்கள் குடைகளுக்குள் சுருண்டு உட்கார்ந்து, ஈரத் தெருவில் பம்பரமாகச் சறுக்கி இறங்கும் காட்சி வரும். மச்சான் விசில் அடித்தது அதற்குத்தான்.

ஷேடோவின் கேமரா ஜாவ் ஷியாவோடிங். பச்சையும் மஞ்சளுமாகக் கொட்டிய ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டேகர்ஸ் படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை வாங்கியவர். அதே கை இப்படிச் சாம்பலுக்கு வந்திருப்பதே எனக்கு ஒரு சுவாரசியம். தைவானின் 2018 கோல்டன் ஹார்ஸ் திரைப்பட விருதுகளில் இயக்கத்துக்கும் கலை இயக்கத்துக்கும் ஷேடோவுக்கு விருது கிடைத்தது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அரசவைப் பேச்சும் சூழ்ச்சியும்தான். சண்டைக்காக வந்தவர்கள் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஹீரோவில் அந்தக் கவலை இல்லை, மழையில் ஒரு சண்டை ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. இன்னொன்று, புரொஜெக்டர் சம்பந்தப்பட்டது. மொட்டை மாடியில் வேட்டியைக் கட்டித்தான் ஆரம்பித்தோம். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஹீரோவாக இருந்தால் சமாளித்திருக்கும். சிவப்பு எப்படியும் சிவப்பாகத் தெரிந்துவிடும். ஷேடோ மொத்தமும் கஞ்சித் தண்ணீராகிவிட்டது. பத்தாவது நிமிடத்தில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கீழே வந்து, ஜன்னலுக்குப் போர்வை மாட்டிய பிறகுதான் சாம்பல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தன.

நான் இரண்டு படங்களையும் தியேட்டரில் பார்த்ததில்லை. ஹீரோவை டிவிடியிலும் லேப்டாப்பிலும்தான் பார்த்திருக்கிறேன். அந்த இலைக் காடு நாற்பதடித் திரையில் எதிரே நின்றால் மேலே எழுதியதில் பாதியை நானே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதுவரை என் அலமாரியில் ஷேடோ முன்வரிசையில். மாடிக்கு ஹீரோவை எடுத்துவைத்திருக்கிறேன், மழை விட்டதும் போட வேண்டும்.