கோதுமை இல்லாத பீட்சா: குன்னூர் குளிருக்கு எந்த மாவு சரி?

வீட்டுக்காரருக்கு சீலியாக் நோய் (கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய்) என்று உறுதியானதிலிருந்து எங்கள் சமையலறையில் கோதுமை, மைதா, ரவை எதற்கும் இடமில்லை. தெருவுக்குத் தெரு மைதா வர்க்கி விற்கும் ஊரில் இது லேசான காரியமல்ல. இட்லி, தோசை, ஆப்பம் இருக்கும்போது பெரிய குறை ஒன்றுமில்லைதான். பீட்சாவுக்குத்தான் மனுஷன் ஏங்கிப்போவார். அதனால் சில வருடங்களாக மூன்று விதமான மாவைச் செய்து பார்த்துவிட்டேன்.

முதலாவது, இத்தாலியின் கபூட்டோ ஃபியோரேகுளூட். ஓரம் நன்றாக உப்பும், துண்டை மடித்தாலும் உடையாது. குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் சேர்த்திருப்பதுதான் காரணம். சீலியாக் உள்ளவர்கள் சாப்பிடலாம். கோதுமையே அலர்ஜி என்றால் கிட்டவே போகக் கூடாது. விலை, நம் அரிசி மாவைப் போலப் பல மடங்கு. பிறந்தநாள், விருந்தாளி வருகை, அவ்வளவுதான் கட்டுப்படியாகும்.

இரண்டாவது, ஆன்லைனில் வாங்கிய உள்ளூர்த் தயாரிப்பு ஒன்று. கடலை மாவு தூக்கல். சீஸையும் மீறி பஜ்ஜி வாசனை வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

இப்போது வழக்கமாகச் செய்வது என் சொந்தக் கலவை: நைஸ் பச்சரிசி மாவு 200 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 100, வெள்ளைச் சோள (ஜோவர்) மாவு 50, இசப்கோல் உமி 18 கிராம், ஈஸ்ட் 5, உப்பு 7, கொஞ்சம் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் எண்ணெய், தண்ணீர் 340 மில்லி. கேழ்வரகு சேர்த்தால் கனத்துப்போய் உதிர்கிறது. அரிசியில் பாதியைக் குறைத்துச் சாமை போடலாம், ருசி நன்றாகவே இருக்கிறது.

எந்த மாவு என்பதைவிட இசப்கோல்தான் முக்கியம் என்பேன். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விட்டால் கஞ்சி மாதிரி கொழகொழவென்று இறுகும். குளூட்டன் செய்யும் பிடிமான வேலையை இதுதான் செய்கிறது. இது இல்லாத மாவு சுட்டதும் பாளம் பாளமாக வெடிக்கும். கலந்த மாவு சப்பாத்தி மாவை விடத் தளர்வாக, கையில் ஒட்டும். பயந்து மேல்மாவு தூவ வேண்டாம். எண்ணெய் தொட்ட கையால் பட்டர் பேப்பரில் தட்டிவிடுங்கள்.

குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவென்பதால் மாவு சீக்கிரம் உப்ப வேண்டும். ஆனால் டிசம்பர் குளிரில் ஈஸ்ட் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. அணைத்த ஓவனுக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரோடு வைத்துவிடுவேன். ஒன்றரை மடங்கு எழும்பினால் போதும். இரண்டு மடங்காகட்டும் என்று காத்திருந்தால் காற்றைப் பிடித்து வைக்க ஆளில்லாமல் அமுங்கிவிடும். மழைக்காலத்தில் மாவே ஈரம் இழுத்திருக்கும், தண்ணீரில் 20 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓவனில் இரும்பு தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்து, 230 டிகிரியில் வெறும் மாவை மட்டும் பத்து நிமிடம் சுட வேண்டும். அப்புறம்தான் சாஸும் சீஸும். காளானை வதக்கி நீர் வற்றிய பிறகே போடுங்கள், இல்லையென்றால் நடுப்பகுதி சதசதவென்று ஆகிவிடும். சூடாகச் சாப்பிட வேண்டியது. ஆறினால் விறைத்துக்கொள்ளும், மூடி போட்டுத் தோசைக்கல்லில் சூடாக்கினால் ஓரளவு இளகும்.

சீலியாக் வீடுகளுக்குச் சில விஷயங்கள். சப்பாத்தி சுட்ட கல் ஆகாது, தனிக் கல் வேண்டும். பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று போட கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. மில்லில் அரைப்பதற்கு அந்த உத்தரவாதம் கிடையாது. “அக்கா, உங்க அரிசியத்தான் மொதல்ல போடுவேன், பயப்படாதீங்க” என்று மில்காரத் தம்பி சொன்னார். நல்ல மனசுதான். ஆனால் முந்தைய நாள் கோதுமை மாவு மெஷின் வாயோரமெல்லாம் அப்பிக் கிடந்தது. அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்கிறேன். பனீர் டிக்கா டாப்பிங் செய்பவர்கள் பெருங்காய டப்பாவையும் திருப்பிப் படித்துவிடுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும்.