செகண்ட் ஹேண்ட் சொகுசு எஸ்யூவி: சென்னையில் வாங்கி, வருடக்கணக்கில் ஓட்டிய அனுபவம்

புதிதாக எண்பது லட்சம் ரூபாய்க்கு விற்ற சொகுசு எஸ்யூவி, ஆறேழு வருடத்தில் முப்பது லட்சத்துக்குப் பக்கத்தில் இறங்கி நிற்கும். வண்டியின் விலைதான் இறங்குகிறது, பாகங்களின் விலை இறங்குவதில்லை. ஒரு ஹெட்லைட் உடைந்தால் எண்பது லட்ச ரூபாய் வண்டிக்கான ஹெட்லைட்டைத்தான் இன்றைக்கும் வாங்கியாக வேண்டும். ஆகவே வாங்கும்போது எவ்வளவு பேரம் பேசிக் குறைத்தோம் என்பதைவிட, வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்த்தோம் என்பதில்தான் பணம் மிச்சமாகும்.

நான் ஓட்டுவது ஒரு ஜெர்மன் கம்பெனியின் 2017 மாடல் டீசல் எஸ்யூவி. ஏழு சீட், வி6 இன்ஜின், எட்டு கியர் ஆட்டோமேட்டிக், நான்கு வீல் டிரைவ், ஏர் சஸ்பென்ஷன். அறுபதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் வாங்கினேன், இப்போது லட்சத்தைத் தாண்டிவிட்டது. கம்பெனியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கீழே சொல்பவை இந்த ரக வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய பொருந்தும்.

சென்னையில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் கார்கள் மூழ்கிக் கிடந்ததை ஊரே பார்த்தது. இப்போதெல்லாம் கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். சரி, அன்றைக்கு மூழ்கிய வண்டிகள் எங்கே போயின? பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் ஐடிவி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் என்று முடித்துவிடுவார்கள். அப்புறம் வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் கழுவிக் காயவைத்து, சீட்டுக்கு லெதர் பாலிஷ் போட்டு, ஓட வைத்து விற்றுவிட முடியும். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நான் வண்டி தேடிக்கொண்டிருந்தபோது, கிண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஜெர்மன் வண்டிகள் மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கைக் கூடவே அழைத்துப் போவேன். ஓஎம்ஆர் பக்கம் ஒரு வண்டியைப் பார்க்கப் போனபோது அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. நேராகப் பின்சீட்டில் போய் உட்கார்ந்து சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். முதல் இரண்டு முழம் கறுகறுவென்று சுத்தமாக இருந்தது. அதற்கு மேல், வழக்கமாக யாரும் இழுக்காத பகுதியில், குறுக்கே பழுப்பாக ஒரு கறை. நகத்தால் சுரண்டியதும் கேழ்வரகு மாவு மாதிரி மண் உதிர்ந்தது. "சார், இது வேணாம், வாங்க போலாம்" என்றார். விற்பவர் கேட் வரை பின்னாலேயே வந்தார். "அண்ணா, சர்வீஸ் ரெக்கார்டு பாருங்கண்ணா, எல்லாம் பக்காவா இருக்கு." ரெக்கார்டு பக்காவாகத்தான் இருந்தது. பெல்ட்டில் இருந்த மண்ணுக்குத்தான் அதில் பதில் இல்லை.

சீட் பெல்ட்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். முன்சீட்டைப் பின்னால் தள்ளி, அதன் அடியில் இருக்கும் ரெயிலிலும் போல்ட்டுகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெயிலோ மழையோ படாத அந்த இடத்தில் துரு இருக்க எந்தக் காரணமும் கிடையாது. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியைத் தடவிப் பாருங்கள். கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் ஸ்பாஞ்சை அழுத்தினால் ஈரமா காய்ந்ததா என்று விரலிலேயே தெரியும். சாதாரண காரைவிட இந்த வண்டிகளில் இது ஏன் முக்கியம் என்றால், பல மாடல்களில் கண்ட்ரோல் யூனிட், ஆம்ப்ளிஃபையர், சிலவற்றில் பேட்டரியே கூட சீட்டுக்கு அடியிலோ டிக்கியின் பக்கவாட்டிலோதான் இருக்கிறது. அரையடி தண்ணீர் உள்ளே வந்தால் போதும். வந்த அன்றைக்கு ஒன்றும் ஆகாது. கனெக்டர் பின்களில் பச்சை பிடித்து, பல மாதம் கழித்து ஒவ்வொன்றாக எரர் காட்ட ஆரம்பிக்கும்.

வெள்ளமே வராத தெருவிலும் வண்டிக்குள் தண்ணீர் இறங்க இன்னொரு வழி உண்டு. பனோரமிக் சன்ரூஃபின் மூலைகளிலிருந்து வடிகால் குழாய்கள் தூண்களின் உள்ளே இறங்கி வண்டிக்கு அடியில் முடியும். வேப்பமரம், புங்கமரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் பூவும் சருகும் போய் அதை அடைத்துக்கொள்ளும். மழைநீர் தூண் வழியே உள்ளே இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் தேங்கிவிடும். சன்ரூஃபைத் திறந்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தந்தப் பக்கச் சக்கரத்தின் அருகே தரையில் வடிய வேண்டும். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஊற்றுங்கள். என் வண்டிக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வருடாவருடம் மெல்லிய நைலான் கம்பியை விட்டு இந்தக் குழாய்களைச் சுத்தம் செய்கிறேன். ஏர் பிரஷர் வைத்து அடிக்க விடாதீர்கள், குழாய் உள்ளேயே கழன்றுகொள்ளும்.

தண்ணீரைப் பற்றிக் காகிதமும் பேசும். விற்பவரிடம் கடைசி பாலிசியை மட்டும் கேட்காமல், வருடவாரியாக எல்லாப் பாலிசிகளையும் கேளுங்கள். க்ளெய்ம் இல்லாத வண்டிக்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான என்.சி.பி. (நோ க்ளெய்ம் போனஸ்) வருடாவருடம் 20, 25, 35, 45 என ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். 2023 டிசம்பருக்குப் பிறகு வந்த ரினீவலில் அது பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால், என்ன க்ளெய்ம் என்று கேட்டே ஆக வேண்டும். 50 சதவீதம் இருக்கிறது என்பதாலேயே நிம்மதியாகிவிடவும் வேண்டாம். என்.சி.பி. உரிமையாளரோடு போவது, பழைய காரிலிருந்து இதற்கு மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம். அதனால்தான் இதே வண்டியின் பழைய பாலிசிகள் வேண்டும்.

அடுத்தது ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் பை வண்டியைத் தாங்குகிறது, ஒரு கம்ப்ரஸர் அதற்குக் காற்று கொடுக்கிறது. சென்னை வெயிலில் அந்த ரப்பர் மடிப்புகளில் வெடிப்பு விழும். மெட்ரோ வேலைக்காக வெட்டிப்போட்ட ஓஎம்ஆரும் ஆற்காடு சாலையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். காற்று மெதுவாகத்தான் கசியும். இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே கம்ப்ரஸர் காற்றை நிரப்பி வண்டியை நிமிர்த்திவிடுவதால், மதியம் போய்ப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. முதல்நாள் இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போய்ப் பாருங்கள். ஒரு டேப் போதும். வீலின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து, இடதும் வலதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, உயரத்தை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறது.

என் வண்டி வாங்கும்போது நான்கு பக்கமும் சமமாகத்தான் இருந்தது. மூன்றாவது வருடம் காலையில் பார்த்தால் பின்பக்கம் இடது மூலை இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டினேன். சோப்புத் தண்ணீர் தெளித்ததும் பையின் மடிப்பில் நுரை கொப்பளித்தது. பின்பக்கம் இரண்டு பைகளையும் சேர்த்தே மாற்றினோம், செலவு லட்சத்தைத் தொட்டது. இதைத் தள்ளிப்போடவே கூடாது. கசிவை ஈடுகட்ட ஓடி ஓடியே கம்ப்ரஸர் சூடேறிப் போய்விடும், அப்புறம் செலவு இரட்டிப்பு.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போடாமல் இந்த ரக வண்டியை வாங்காதீர்கள். ஆயிரம் ரூபாய் ப்ளூடூத் ஸ்கேனர் இன்ஜின் எரரைத் தாண்டி அதிகம் சொல்லாது. பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஸென்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ் என்று அந்தந்தக் கம்பெனியின் மென்பொருள் வைத்திருக்கும் கராஜ்கள் அம்பத்தூரிலும் கிண்டியிலும் இருக்கின்றன. "எரர் எதுவும் இல்லை" என்று திரை காட்டினால் அதோடு விட்டுவிடாமல், எரர் அழித்தபின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்று வந்தால், உங்களுக்குக் காட்டுவதற்காக நேற்றுதான் அழித்திருக்கிறார்கள். மீட்டர் திருத்திய வண்டியும் இங்கேதான் மாட்டும். டேஷ்போர்டில் எண்ணைக் குறைத்தாலும், பல வண்டிகளில் வேறு யூனிட்டுகளிலும் ஓடிய தூரம் பதிவாகியிருக்கும்.

கியர்பாக்ஸ் ஆயில் லைஃப்டைம், மாற்றவே வேண்டாம் என்று ஷோரூம்களில் சொல்வதுண்டு. இந்த எட்டு கியர் பெட்டிகளில் பலவற்றைத் தயாரிக்கும் ஸீஎஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. நான் எண்பதாயிரத்தை ஒட்டி மாற்றினேன். சிக்னலில் ஊர்ந்து ஊர்ந்து நகரும்போது இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு இறங்கையில் இருந்த லேசான தட்டல் அதற்குப் பிறகு இல்லை. நீங்கள் பார்க்கும் வண்டி அந்தத் தூரத்தைத் தாண்டியிருந்தால் ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

டயரில் ஒரே ஒரு விஷயம். நான்கும் ஒரே பிராண்டாக, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்றால் சுற்றளவு மாறிவிடும். நான்கு வீல் டிரைவில் அந்த வித்தியாசத்தை, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் தாங்கியாக வேண்டும். தயாரித்த தேதி பக்கவாட்டில் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம்.

டீசல் என்றால் அந்த வண்டி எங்கே ஓடியது என்று கேளுங்கள். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல்களிலும், அதற்கு முந்தைய சொகுசு டீசல்கள் பலவற்றிலும் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடினால்தான் அது சூடேறி, சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்கும். அண்ணா நகரிலிருந்து நுங்கம்பாக்கம் ஸ்கூலுக்கு மட்டும் போய்வந்த முப்பதாயிரம் கிலோமீட்டர் வண்டியைவிட, பெங்களூருக்கு அடிக்கடி போய்வந்த எழுபதாயிரம் கிலோமீட்டர் வண்டியை நான் தயங்காமல் எடுப்பேன். ஸ்கேனரில் கரியின் அளவும் தெரியும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆபீஸ் வீட்டுப் பக்கத்திலேயே என்பதால், அவ்வப்போது ஜிஎஸ்டி ரோட்டில் திண்டிவனம் வரை ஒரு நடை போய்வருகிறேன்.

ஏசியை மதிய வெயிலில், வண்டியை நிறுத்திவைத்தபடி இருபது நிமிடம் ஓடவிட்டு, பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் கசிந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரையில் கடற்கரையை ஒட்டி நின்ற வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தையும், முன்பக்கம் இருக்கும் ஏசி கண்டென்சரையும் உப்புக்காற்று அரித்திருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஆர்.சி. விஷயத்தில், அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு, எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கடன் இருந்தால் ஃபார்ம் 35இல் பேங்க் கையெழுத்தும், என்ஓசி என்ற தடையில்லாச் சான்றும் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். 10 வருடம் கடந்த டீசல் வண்டிகளுக்கு டெல்லித் தலைநகர் பகுதியில் தடை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு, டெல்லி நம்பர் வண்டிகள் தெற்கே நிறைய இறங்கின. புதுச்சேரி நம்பரும் இங்கே சகஜம். வேறு மாநில வண்டியை இங்கே பதிவு மாற்றினால் தமிழ்நாட்டு வாழ்நாள் வரி கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்கு 2023 நவம்பரில் அது 20 சதவீதமானது. பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும் என்றாலும், குறைந்த விலையில் வாங்கிய லாபம் அதிலேயே கரைந்துவிடக்கூடும்.

பராமரிப்புக்கு நான் வைத்திருக்கும் கணக்கு, வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு, வருடத்துக்கு. சில வருடம் பாதிகூடச் செலவாகாது, பை மாற்றிய வருடம் போல முழுதாகவே போவதும் உண்டு. சர்வீஸை வெளி கராஜில்தான் செய்கிறேன். உடைந்த மிரர் கவர், டிக்கி டிரிம் மாதிரியானவை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கிடைத்தன. பிரேக், சஸ்பென்ஷன், ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்கமாட்டேன். மைலேஜ் சிட்டியில் லிட்டருக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர், ஹைவேயில் பன்னிரண்டு வரை வருகிறது.

இவ்வளவு செலவுக்குப் பிறகும் இந்த வண்டியை நான் விற்கப்போவதில்லை. மதுரை வரை ஓட்டிப்போய் இறங்கினால் எனக்கு முதுகு வலிப்பதில்லை. மூட்டு வலியுள்ள அம்மாவுக்காகச் சஸ்பென்ஷனை இறக்கிவிட்டால் யார் கையையும் பிடிக்காமல் ஏறிக்கொள்கிறார். அடுத்ததாக முன்பக்கப் பைகளின் முறை வரும், அதற்கும் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். சிட்டியைத் தாண்டி அதிகம் ஓட்டாதவர்கள் டீசலை விட்டுவிட்டு இதே ரகத்தில் பெட்ரோல் வண்டியாகத் தேடுங்கள்.